சம்பந்திகளும் ஒரு கோச்சும்

தாம்பூலத் தட்டு அந்தரத்தில் நின்றது.

டெக்ஸாஸில், டால்லஸ் பக்கத்துக் காப்பெலில் எங்கள் வீட்டு ஹால். அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். தட்டின் ஒரு விளிம்பை என் கணவர் வெள்ளிங்கிரி பிடித்திருந்தார். மறு விளிம்பு மாப்பிள்ளையின் அப்பா முத்துக்குமாரின் கையில் இருந்தது. நடுவில் வெற்றிலை, பாக்கு, பூவன் பழம் கிடைக்காததால் வாங்கிய பச்சை நுனி வாழைப்பழம், மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டு வேட்டி. எங்கள் ஒரே மகள் இனியாவுக்கு நிச்சயதார்த்தம்.

பக்கத்து அறையில் டிவியில், சம்பந்திகள் இருவரும் படித்த யூனிவர்சிட்டியின் ஃபுட்பால் ஆட்டம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "ஓடலாம், ஆனால் ஊமையாக ஓடவேண்டும்" என்பது நானும் சம்பந்தியம்மா செண்பகமும் போட்ட நிபந்தனை. அந்த அறையிலிருந்து இருபது பேர் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள்.

முத்து அண்ணாவின் கழுத்து கொக்கு மாதிரி திரும்பியது. கை தட்டில், கண் டிவியில்.

"போச்சு. பந்தத் தூக்கி அவன்ட்டயே குடுத்துட்டாரு. இந்த ஆளு போனாத்தான் டீம் உருப்படும்."

என் கணவர் தட்டை விடவில்லை.

"ஆரு போகோணும்?"

"வேற யாரு? கோச்சுதான் போவணும்."

"அதெப்படிங்க சம்பந்தி அப்படிச் சொல்லலாம்?"

தட்டை இவர் தன் பக்கம் ஒரு அங்குலம் இழுத்தார். அவர் தன் பக்கம் ஒரு அங்குலம் இழுத்தார். வாழைப்பழம் ஒன்று உருண்டு கம்பளத்தில் விழுந்தது. புரோகிதர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "தட்டை வாங்கிக்கோங்கோ சார், நல்ல நேரம் முடியப்போறது" என்றார். புரோகிதரும் அதே யூனிவர்சிட்டிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் கண்ணும் டிவி பக்கம் போய்ப் போய் வந்தது.

கடைசியில் செண்பகம் வந்து, தன் புருஷன் கையின் மேல் கை வைத்துத் தட்டை வாங்கினாள். எங்கள் மகளின் நிச்சயதார்த்தத் தட்டு இப்படித்தான் கைமாறியது. வீடியோவில் இருக்கிறது.

ஒரு கெஜம்

அமெரிக்கக் கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலுக்கு அதில் அதிக வேலை இல்லை. பந்தும் உருண்டை இல்லை. நாலு முயற்சியில் பத்து கெஜம் முன்னேறவேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும். மூன்று முயற்சியில் ஒன்பது கெஜம்தான் போக முடிந்தது என்றால், நாலாவதில் துணிந்து மோதலாம். அல்லது பந்தைத் தூர உதைத்து எதிராளியிடமே கொடுத்துவிடலாம்.

எங்கள் கோச் உதைக்கச் சொல்பவர்.

அன்றைக்கு ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் இருந்தன. நம்மவர்கள் மூன்று புள்ளி பின்னால். ஒரே ஒரு கெஜம் தேவை. அவர் உதைக்கச் சொன்னார். எதிராளி பந்தை வாங்கிக்கொண்டு, கடிகாரம் ஓடித் தீரும்வரை சாவகாசமாக உருட்டிவிட்டு, ஜெயித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இதைத்தான் டெக்ஸாஸ் முழுக்க அந்த வாரம் பேசினார்கள். மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே பேசினார்கள். பல் டாக்டர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு, "வாட் டு யூ திங்க், ஷுட் ஹீ கோ?" என்று கேட்டார். நான் "ஆ" என்றேன். அவர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்.

போகவேண்டும் என்பவர்கள் சொன்னது: கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, ஆட்டம் மாறிவிட்டது, அவர் மாறவில்லை. இருக்கவேண்டும் என்பவர்கள் சொன்னது: ஒன்றுமில்லாமல் கிடந்த டீமை ஆளாக்கியவர், பையன்களைப் படிக்கவும் வைத்தவர், நாலு தோல்விக்காக வெளியே தள்ளுவதா?

எங்கள் ஊர்த் தமிழ் ரசிகர்கள் வாட்ஸாப்பில் "சனிக்கிழமை சங்கம்" என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாம் நாள் "உண்மையான சனிக்கிழமை சங்கம்" பிறந்தது. முதல் குழுவுக்கு என் கணவர் அட்மின், இரண்டாவதற்கு முத்து அண்ணா. செண்பகமும் நானும் இரண்டிலும் இருந்தோம். யார் வீட்டு விருந்துக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று யாருக்காவது தெரியவேண்டும் அல்லவா?

மாப்ள என்றால் இரண்டு பேர்

இவர்கள் இருவரும் சம்பந்தியாகும் முன் எத்தனையோ வருஷம் நண்பர்கள். கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து இவரும் தென்காசியிலிருந்து அவரும் ஒரே ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க வந்து, ஒரே அபார்ட்மெண்டில் விழுந்தவர்கள். ஒரு குக்கர், ஒரு மெத்தை. மெத்தைக்கு வாரம் மாற்றி முறை. அதே ஆகஸ்டில்தான் அந்தக் கோச்சும் அங்கே வேலைக்கு வந்தார். "நாங்க மூணு பேரும் ஒரே பேட்ச்" என்று இவர் சொல்வார், கோச்சுக்கும் அது தெரியும் என்பது போல.

அந்தக் காலத்திலிருந்து ஒருவரை ஒருவர் "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார்கள். முத்து அண்ணாவின் மகன் அருணும் எங்கள் இனியாவும் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னதும் அதில் ஒரு சிக்கல் வந்தது. இவர் "மாப்ள" என்று குரல் கொடுத்தால் அப்பாவும் திரும்பினார், பிள்ளையும் திரும்பினான். ஒருநாள் இவர், "மாப்ள, உனக்கு அறிவிருக்கா?" என்று கேட்க, பாவம் அருண், கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, "சாரி அங்கிள்" என்றான்.

அதற்குப் பிறகு பெரியவர்கள் இருவரும் மரியாதைக்கு மாறினார்கள். "வாங்க சம்பந்தி", "சொல்லுங்க சம்பந்தி". இருவருக்கும் அது புதுச் செருப்பு மாதிரி கடித்தது. கோபம் வந்தால்தான் பழைய பேச்சு வரும். கோச் விஷயத்தில் அது அடிக்கடி வந்தது.

வெல்லிங்டன்

என் கணவருக்கு ஏன் அந்தக் கோச்சின் மேல் அத்தனை விசுவாசம்? இதைச் சொல்ல அவர் பெயரிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

வெள்ளிங்கிரி என்ற பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு வருவது, வாயில் சூடான போண்டாவை வைத்துக்கொண்டு பேசச் சொல்வது போல. முதல் வகுப்பில் பேராசிரியர் மூன்று முறை முயன்று, வியர்த்து, "வெல்லிங்டன்" என்று முடித்துக்கொண்டார். லேபில் "வெல்". வங்கியில் "மிஸ்டர் கிரி". மாணவர் அட்டையில் பாதிப் பெயருக்கு மேல் இடமில்லை.

முதல் செமஸ்டரில் ஒருநாள், டீமின் பயிற்சியைப் பார்க்க வருகிறவர்களுக்கு இலவச பீட்சா என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பீட்சாவுக்காக இருவரும் போனார்கள். மைதானத்து ஓரத்தில், டீம் தொப்பி போட்ட வயதான ஒருவர் இவரிடம் வந்து பேர் கேட்டார். சொன்னார். அந்த மனிதர், "மறுபடி சொல்லு" என்றார். சொன்னார். "இன்னொரு தடவை." நாலாவது முறை அவரே சொன்னார்: வெள்ளிங்கிரி. ளகரம், ஙகரம், எல்லாம் சரியாக.

"என்ற பேரை மொதல்ல சரியாச் சொன்ன வெள்ளைக்காரரு" என்று இந்தக் கதையை இவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார். இனியாவுக்குத் தூங்கவைக்கும் கதையாகச் சொன்னார். டால்லஸ் வட்டாரத்தில் இதைக் கேட்காத தமிழர் இல்லை. கதை நடக்கும்போதெல்லாம் முத்து அண்ணா பக்கத்திலேயே நின்று தரையைப் பார்ப்பார். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதென்று நினைத்தேன்.

இரண்டு கடிதங்கள்

பிளானோவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கையேடு எழுதுவது என் வேலை. "இந்தப் பொத்தானை அழுத்தவும், ஒன்றும் ஆகாது" என்று உலகத்துக்கு ஆங்கிலத்தில் தைரியம் சொல்பவள் நான். அதனால் எங்கள் வட்டாரத்தில் யாருக்கு எந்த இங்கிலீஷ் கடிதம் வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் இவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கோமதி, யூனிவர்சிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதோணும். கோச்சை அனுப்பக் கூடாதுன்னு. நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல போடு."

இவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர் கதை வந்தது. அப்புறம், "இத்தன வருசம் ஒழைச்ச மனுசனை ஒரு வருசம் சரியில்லைன்னா தூக்கிப் போட்டர்றதா? எளசா ஒருத்தனைக் கொண்டாந்து வெச்சா எல்லாம் சரியாயிருமா?" என்று குரல் உயர்ந்தது. அந்தக் கோடையில்தான் இவர் ஆபீஸில் இவருக்கு மேலே ஒரு புது மேனேஜர் வந்திருந்தான். இனியாவைவிட நாலு வயசுதான் பெரியவன். நான் அந்த வரியை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் பக்கத்திலிருக்கும் இட்லிக் கடையில் மத்தியானம் வரிசையில் நிற்கிறேன், பின்னாலிருந்து, "தங்கச்சி, ஒரு உதவி" என்று குரல்.

முத்து அண்ணா. கையில் மஞ்சள் காகிதத்தில் தமிழும் இங்கிலீஷும் கலந்த குறிப்பு.

"கோச்சு போவணும்னு ஒரு லெட்டர் எழுதணும். மரியாதையாத்தான். நீ எழுதுனா நல்லாருக்கும். அவன்ட்ட சொல்லாண்டாம்."

மறுத்திருக்கவேண்டும். ஆனால் எதிரே நிற்பவர் மாப்பிள்ளையின் அப்பா. பெண்ணைப் பெற்றவள் காபி டிகாஷன் சரியில்லை என்ற குறைக்கே பயப்படுகிற வழக்கத்தில் வளர்ந்தவள் நான். எழுதிக் கொடுத்தேன். இரண்டுமே நல்ல கடிதங்கள். ஒன்றைப் படித்தால் கோச்சுக்குச் சிலை வைக்கத் தோன்றும். மற்றதைப் படித்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக் கொடுக்கத் தோன்றும். எழுத்துத் தொழிலில் இருக்கும் கர்வத்தில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதுதான் நான் செய்த தவறு.

கார் பார்க்கில் புளியோதரை

நவம்பரில் சொந்த மைதானத்தில் ஆட்டம். காப்பெலிலிருந்து இரண்டரை மணி நேரம் காரோட்டிப் போகவேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டேடியத்து கார் பார்க்கில் கூடாரம் போட்டுச் சாப்பிடுவது இங்கே வழக்கம். சுற்றிலும் எல்லோரும் மாட்டிறைச்சி வாட்டுவார்கள். நாங்கள் கேஸ் அடுப்பில் இட்லி ஊற்றுவோம். புளியோதரை வாளியில் வரும்.

அந்த முறை கூடாரம் இரண்டு. நடுவில் ஒரு கார் நிறுத்தும் இடைவெளி. இட்லிப் பானை ஒன்றுதான் என்பதால் அது எல்லைக்கோட்டில் இருந்தது.

முத்து அண்ணா முதலில் எழுந்தார். யூனிவர்சிட்டியிலிருந்து தனக்குப் பதில் வந்திருப்பதாக அறிவித்தார். "என் கடிதத்தையும் வாசிச்சு, பதிலையும் வாசிக்கேன்" என்று ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். கனத்த இதயத்தோடும் சற்றும் குறையாத மரியாதையோடும் இதை எழுதுகிறேன் என்பது முதல் வரி.

நான் இட்லித் துணியை உதற ஆரம்பித்தேன்.

அவர் முடித்ததும் இவர் எழுந்தார். "எனக்கும்தான் பதில் வந்திருக்குது. கேளுங்க." கனத்த இதயத்தோடும் சற்றும் குறையாத மரியாதையோடும் இதை எழுதுகிறேன்.

இரண்டு கூடாரத்திலும் சத்தம் நின்றது. பதில்களும் ஒரு எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருந்தன: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, உங்களைப் போன்ற ரசிகர்கள்தான் எங்கள் குடும்பம். ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் இட்லித் துணியைக் கையில் பிடித்தபடி நின்ற என்னைப் பார்த்தார்கள்.

செண்பகம்தான் முதலில் சிரித்தாள். "ரெண்டும் மதினி எழுதுனதுல்லா!"

"ரெண்டு பேருக்கும் நீயா எழுதுன?" என்றார் இவர்.

"கேட்டாங்க, எழுதுனேன். உங்களுக்கும் எழுதுனேன், உங்க சம்பந்திக்கும் எழுதுனேன். ரெண்டு பேருக்கும் எங்கிட்ட இருக்கறது ஒரே இங்கிலீஷ்தானுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் முகம் சிவந்துவிட்டது.

"எழுதுனது கோமதியா இருக்கட்டும். என்ற கடுதாசில இருக்கறது என்ற வாழ்க்கை. கோச்சு என்ற பேரைச் சொன்னாரே, அதுக்கு ஈடா உன்ற லெட்டர்ல என்னடா இருக்குது?"

"ஏல, அது கோச்சே இல்லல!"

முத்து அண்ணா சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டதை உணர்ந்தார் என்று நினைக்கிறேன். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"அது ஹெல்மெட்டு, பூட்ஸெல்லாம் எடுத்துக் குடுக்க ஸ்டோர் ரூம் பெரியவரு. எல்லாருக்கும் ஒரே மாதிரி தொப்பி. நீ கோச்சுன்னு நெனச்சுட்ட. இத்தன வருசமா நானும் வாயத் தொறக்காம நிக்கேன்."

இட்லிப் பானை மட்டும் உஸ்ஸென்றது.

இவர் குனிந்தார். தன் மடக்கு நாற்காலியை மடக்கினார். அதன் பைக்குள் அந்த நாற்காலி ஒரே தடவையில் போனதாகச் சரித்திரம் கிடையாது. அன்றைக்குப் போயிற்று. "கோமதி, வண்டில ஏறு" என்றார்.

இரண்டு டிக்கெட்டும் சட்டைப் பையில் இருக்க, ஆட்டம் பார்க்காமல் திரும்பினோம். வீடு நெருங்கும்போது, சுங்கச் சாலையில், முன்னால் போகும் லாரியைப் பார்த்தபடி கேட்டார்.

"தொப்பி ஒரே மாதிரியா இருந்துதாமா?"



ஜெயித்தவர் சாப்பிடவில்லை

அதன் பிறகு சம்பந்திகள் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வேலையெல்லாம் செண்பகமும் நானும் வாட்ஸாப்பில் நடத்தினோம். மண்டபம், சாப்பாடு, நாயனம் எல்லாம் முடிவாயிற்று. கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் பிரதி வந்தபோது இவர், "சம்பந்தி பேரைப் போட்டே ஆகோணுமா?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இனியாவும் அருணும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரே வந்து உட்கார்ந்தார்கள். "அம்மா, ஆர் வீ ஸ்டில் கெட்டிங் மேரீட்?" என்று கேட்டாள் இனியா.

"அதுக்கென்ன கண்ணு, உங்க கல்யாணம் நடக்கும்."

"தே ஆர் நாட் டாக்கிங், அம்மா. ஓவர் எ கோச்!"

"கோச்சுக்காக இல்ல கண்ணு" என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை.

சீசன் முடிந்த கையோடு கோச் விலகினார். ஒரு திங்கட்கிழமை, நிருபர்கள் முன்னால், தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார். நேரம் வந்துவிட்டது, பேரனோடு மீன் பிடிக்கப் போகிறேன் என்றார். இவர் நின்றுகொண்டே பார்த்தார். முடிந்ததும் தன் காபி டம்ளரைத் தானே கழுவி வைத்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மனுஷர் சரியாக இல்லை.

சாயங்காலம் செண்பகம் கூப்பிட்டாள். "மதினி, ஜெயிச்சவுக சாப்பிட மாட்டேங்காவ. கோச்சு போயாச்சேன்னு கேட்டா, 'போனது கோச்சு மட்டும்னா பரவால்ல'ங்காவ. நான் என்ன செய்யட்டும்?"

இரண்டு பேருக்காக எழுதி இந்த வினையைக் கிளப்பியவள் நான். மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதினேன், இந்தத் தடவை எனக்காக, கையால். கோச்சுக்கு, யூனிவர்சிட்டி முகவரியில். கனத்த இதயமெல்லாம் இல்லை. நடந்ததைச் சொல்லி, "அன்றைக்கு என் கணவரின் பெயரைச் சொன்னது நீங்களா? உண்மையைச் சொன்னால் போதும்" என்று கேட்டேன். இவரிடம் சொல்லவில்லை. பதில் வருமென்று நம்பவும் இல்லை.

பதில்

மார்ச் கடைசியில், சாலையோரமெல்லாம் நீலப்பூ பூத்துக் கிடந்த சமயத்தில் ஒரு உறை வந்தது. உள்ளே கையால் எழுதிய அட்டை. எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. தமிழில் சொல்கிறேன்.

அது நானாக இருக்க ஆசைதான், ஆனால் நான் இல்லை. எங்கள் ஸ்டோர் ரூமில் இருந்த பெரியவராகத்தான் இருக்கும். ஒவ்வொரு பையனுடைய பெயரையும் ஹெல்மெட்டில் ஒட்டும் டேப்பில் எழுதி, சரியாகச் சொல்ல வரும்வரை சொல்லிப் பார்ப்பார். நான் தப்பாகச் சொன்னால் எல்லார் முன்னாலும் திருத்துவார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. உங்கள் கணவரின் பெயரை எப்படிச் சொல்லவேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது, கற்றுக்கொள்கிறேன்.

இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். அப்புறம், "கெளம்பு" என்றார்.

"எங்கீங்க?"

"பிளானோவுக்கு."

பிளானோவில் முத்து அண்ணா தன் வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் காரைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். கால்சட்டையெல்லாம் புல். இவர் போய் உறையோடு அட்டையை நீட்டினார். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார்.

"நீ சொன்னதுதான் சரி" என்றார் இவர்.

"நான் சொல்லியிருக்கக் கூடாது மாப்ள."

"அன்னிக்கே ஏண்டா சொல்லலை?"

முத்து அண்ணா அட்டையை உறைக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"அந்த வாரம் நீ எப்படி இருந்தன்னு ஒனக்கு ஞாபகம் இல்ல. சாப்பாடு கெடையாது. ஊருக்கே போயிருதேன்னு ஏஜெண்டுக்கு ஃபோன் போட்டு டிக்கெட் விசாரிச்சுக்கிட்டு இருந்த. அந்தப் பெரியவரு ஒன் பேரச் சொன்ன பொறவுதான் சிரிச்ச. 'கோச்சே என்ற பேரச் சொல்லிட்டாருடா'ன்னு ரூமுக்கு வந்து குக்கர் வச்ச. அது கோச்சு இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நீ போயிட்டா நான் தனியால்லா கெடக்கணும்."

செண்பகம் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். நான் கைப்பையில் எதையோ தேடினேன். இவர் குனிந்து, முத்து அண்ணாவின் கால்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான். கட்டிக்கொள்வதெல்லாம் அவர்களுக்குப் பழக்கமில்லை.

பிறகு நாலு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வெள்ளிங்கிரியை ஆங்கிலத்தில் உடைத்துக் காட்டுவது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம். ளகரத்துக்கு நாக்கை எங்கே மடக்கவேண்டும் என்று முத்து அண்ணா படம் போட்டார். அந்தப் படம் ஒரு மலைப்பாம்பு தூங்குவது போல் இருந்தது. அதையும் உறையில் வைத்து அனுப்பினோம்.

முகூர்த்தம்

கல்யாணம் அடுத்த கார்த்திகையில், கோயில் மண்டபத்தில். நல்ல முகூர்த்தம் அந்த ஒரு சனிக்கிழமைதான் அமைந்தது. ஆட்டமும் அன்றைக்குத்தான், அதுவும் பரம எதிரியோடு. ஆட்டம் காலை பதினொரு மணிக்கு. முகூர்த்தம் பதினொன்றரை முதல் பன்னிரண்டு. செண்பகமும் நானும் ஃபோன் எல்லாவற்றையும் வாங்கி ஒரு வாழைப்பழக் கூடையில் போட்டு மூடிவைத்தோம்.

புரோகிதரிடம் கேட்கத் தோன்றவில்லை. அவர் ஃபோன் நெய்ச் சம்புடத்தின் மேல் சாய்ந்து, சம்பந்திகள் கண்ணுக்கு நேரே ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

புதுக் கோச் இளைஞர். எதிலும் துணிந்து இறங்குபவர். அந்த சீசனில் துணிந்து துணிந்து டீம் பாதி ஆட்டங்களுக்கு மேல் தோற்றிருந்தது. மணையில் இனியா வந்து உட்கார்ந்தபோது நாலாவது முயற்சி, ஒரு கெஜம் தேவை. புதியவர் உதைக்கச் சொல்லவில்லை. மோதச் சொன்னார். மோதினார்கள், பந்தைத் தவறவிட்டார்கள். எதிராளி எடுத்துக்கொண்டு ஓடினான்.

"இவன் வேலைக்கு ஆவ மாட்டான்" என்றார் முத்து அண்ணா, கையில் அட்சதையோடு. "பழைய ஆளையே திரும்பக் கூப்பிடணும்."

"அவரை எதுக்குக் கூப்புடறது?" என்றார் என் கணவர். "மனுசன் நிம்மதியா மீன் புடிச்சுட்டு இருக்காரு. உட்றா அவரை."

"இருக்கணும் இருக்கணும்னு குதிச்சது நீதானல?"

"போகோணும் போகோணும்னு லெட்டர் போட்டது நீதானடா?"

"கெட்டிமேளம்!" என்று கத்தினேன் நான். புரோகிதர் திடுக்கிட்டுத் தாலியை எடுத்து நீட்டினார். நாயனம் எழுந்தது. அருண் தாலி கட்டினான். இனியா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நொடியை ஃபோட்டோகிராஃபர் பிடித்துவிட்டார். ஆல்பத்தின் நடுப் பக்கத்தில் பெரிதாக இருக்கிறது. மணமக்களுக்குப் பின்னால் சம்பந்திகள் இருவரும், அட்சதை பிடித்த கையை உயர்த்தி, ஒருவரை ஒருவர் பார்த்து, வாயை முழுசாகத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். ஊரிலிருந்து வந்த என் அண்ணன் மனைவி அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாரு கோமதி, பெத்தவங்க ரெண்டு பேரும் எப்படி மனசு நிறைஞ்சு வாழ்த்தறாங்க!"

ஆமாம் என்றேன்.